பனங்கிழங்கு அண்ணாச்சிக்கு நன்றி

போன ஞாயிறு பாளையங்கோட்டையில் செவன்ஸ் ஃபுட்பால் (டீமுக்கு 7 பேர்) மேட்ச். எதிர் டீமில் ஆடிய நைஜீரியத் தம்பி பந்தைத் தொடும்போதெல்லாம் எங்க பின்வரிசையில் குரங்குச் சத்தம். என் மகனுக்கு 9 வயசு. அவனும் சிரிக்க ஆரம்பிச்சுட்டான். நான் வாயே திறக்கலை, வெட்கக்கேடுதான்.

பனங்கிழங்கு வித்துக்கிட்டிருந்த அண்ணாச்சிதான் கூடையை இறக்கி வச்சுட்டுத் திரும்பினார். "ஏலேய், நீங்க எல்லாரும் என்ன சுண்ணாம்பு கலர்லயா இருக்கிய? அவனும் ஒரு தாய் பெத்த புள்ளதாம்ல!" கப்சிப். (வலென்சியாவில் 2023இல் பிரேசில் ஃபுட்பால் வீரர் வினிசியஸை இப்படிப் பழிச்ச 3 பேருக்கு, மறுவருஷம் ஸ்பெயின் கோர்ட் 8 மாதச் சிறைத்தண்டனை விதிச்சது.)

அண்ணாச்சி, பேர் கேக்கறதுக்குள்ள கேட்டைத் தாண்டிட்டீங்க. ரொம்ப நன்றி. கிழங்குக் காசு 20 ரூபாய் இன்னும் என்கிட்டதான் இருக்கு.