மச்சான் வீட்டு மாத்திரை

அன்புள்ள சேகர்,

நாலு மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டித் தீர்த்துக்கொள், அப்புறம் இதைப் படி.

கொலஸ்ட்ரால் ஏறியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்ததும், டாக்டரைக் கேட்காமல், மச்சான் வீட்டில் மிச்சம் கிடந்த சிம்வாஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை) அட்டையை எடுத்து ராத்திரி ராத்திரி போட்டுக்கொண்டேன். பத்தாம் நாள் தொடை இரண்டும் கழன்று விழுகிற வலி, சிறுநீர் கடுங்காப்பி நிறம். ஆட்டோவில் உமா, "கொடுத்த கிட்னியை இப்படியா வச்சுக்குவீங்க?" என்றாள், வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. மாற்றிய கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க நான் தின்னும் சைக்ளோஸ்போரின், கல்லீரல் ஸ்டாட்டினை உள்ளே இழுத்துச் சிதைப்பதைத் தடுத்துவிடுமாம். ரத்தத்தில் அது ஏறி ஏறி, தசை கரைந்து, அந்தக் கழிவு கிட்னியை அடைக்கும். சிம்வாஸ்டாட்டினும் இதுவும் சேரவே கூடாதாம். பார்மசிக்காரன் நீ, சிரிக்காதே.

படுத்துக்கிடந்தபோது படித்தேன். இரண்டுமே பூஞ்சைச் சரக்கு. சைக்ளோஸ்போரின் நார்வே மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்தது. ஸ்டாட்டினுக்காக ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி 6,000க்கும் மேற்பட்ட பூஞ்சைகளைத் துழாவி, 1973இல் அரிசியில் பூத்த ஒரு பச்சைப் பூசணத்தில் பிடித்திருக்கிறார். நாம் ஹாஸ்டல் ரொட்டியில் சுரண்டி எறிந்தோமே, அந்த ஜாதி.

விஷயம் கொழுப்போடு நிற்கவில்லை. 1995இல் வெளியான லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வில், இதயம் மாற்றிய 97 பேரில் பிரவாஸ்டாட்டின் என்ற இன்னொரு ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் 94 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் உயிரோடு, சாப்பிடாதவர்களில் 78. புது இதயத்தை உடம்பு கடுமையாக நிராகரிப்பதும் குறைவு. ஸ்டாட்டின் எதிர்ப்புச் செல்களையும் கொஞ்சம் அடக்குகிறது என்று ஜெனீவாக்காரர்கள் 2000இல் காட்டினார்கள். ஆனால் கிட்னிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை: கிட்னி மாற்றிய 2,102 பேரிடம் ஸ்டாட்டினைச் சோதித்துப் பார்த்தும், மாற்றிய கிட்னி பழுதாவது குறையவில்லை. மாரடைப்பு குறைந்தது.

இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தியை அமுக்கி வைத்திருப்பவனுக்குப் புற்று வரும் வாய்ப்பு அதிகம், இதில் இன்னொரு அமுக்கலா? 2002இல் முதியவர்களிடம் நடந்த ஆய்வில் பிரவாஸ்டாட்டின் பக்கம் புற்று கொஞ்சம் கூடத் தெரிந்ததாம். பிறகு 27 ஆய்வுகளில் ஒன்றே முக்கால் லட்சம் பேரைச் சேர்த்துப் பார்த்ததில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சரி, ஆனால் அவர்களில் உறுப்பு மாற்றியவர்கள் கொஞ்சம் பேர்தானே?

டாக்டர் இப்போது வேறொரு ஸ்டாட்டின், குறைந்த அளவில் எழுதித் தந்திருக்கிறார். சீட்டைப் படம் எடுத்து அனுப்புகிறேன். பார்த்துச் சொல்லும்வரை பிரிக்கமாட்டேன். பெருமாளிடம் மட்டும் சொல்லிவிடாதே, ஊரெல்லாம் எனக்குப் பூசணம் பிடித்திருக்கிறது என்பான்.

உன்
ரவி