கரையில் எவ்வளவு நேரம்? தீவுக் கப்பல் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கப்பல் சுற்றுலா நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

தாங்கள் வெளியிடும் பயண நிரலில் ஒவ்வொரு தீவின் பெயருக்கும் எதிரே வருகை, புறப்பாடு என இரண்டு நேரங்கள் அச்சாகியிருக்கின்றன. அவை கப்பலுக்கு உரிய நேரங்கள் என்பதும், பயணிக்குக் கிடைக்கும் நேரம் அதில் பாதியாகக்கூடத் தேறாத தீவுகள் உண்டு என்பதும் தங்களுக்கு நன்றாகத் தெரியும். பணம் கட்டுகிறவருக்குத்தான் தெரிவதில்லை. ஆகவே நான் கேட்பது இதுதான்: ஒவ்வொரு தீவிலும் பயணி கரையில் இருக்கக்கூடிய நேரம் எவ்வளவு, கப்பல் துறைமேடையை ஒட்டி நிற்குமா அல்லது கடலில் நின்றபடி சிறு படகில் ஆட்களை இறக்குமா என்னும் இரண்டு விவரங்களை, முன்பதிவுக்குப் பணம் வாங்கும் முன்பே அச்சிட்டுத் தாருங்கள்.

இதை எழுதத் தூண்டியது சென்ற கோடையில் கிரேக்கத் தீவுகளுக்கு நாங்கள் சென்ற பயணம். சாந்தோரினிக்கு மாலை நாலரை முதல் இரவு ஒன்பதரை வரை என்று நிரலில் இருந்தது. ஐந்து மணி நேரம் ஒரு தீவுக்குக் குறைவுதான் என்றாலும், முழங்கால் வலியோடு வந்த என் அம்மாவுக்கு அது போதும் என்று எண்ணித்தான் பதிவு செய்தோம். அங்கே எரிமலைக் குழிக்குள் கடல் மிக ஆழமாக இருப்பதாலும், பெரிய கப்பல்கள் ஒட்டி நிற்கத் துறைமேடை இல்லாததாலும், பயணிகள் டெண்டர் எனப்படும் சிறு படகில் ஏறிப் பழைய துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்பதைக் கப்பலில் ஏறிய பிறகே அறிந்தோம். அந்தத் துறைமுகத்திலிருந்து ஃபிரா ஊருக்குப் போக, 200 மீட்டருக்கும் மேல் செங்குத்தாக நிற்கும் பாறையைக் கடக்க வேண்டும். அதற்கு வழிகள் மூன்று: ஏறத்தாழ 590 படிகள், கோவேறு கழுதைகள், கேபிள் கார்.

படகுக்கு எண் போட்ட சீட்டு தந்தார்கள். தங்களிடமே கரைச் சுற்றுலா வாங்கியவர்களை முதலில் இறக்கினார்கள். எங்கள் எண்ணைக் கூப்பிட்டபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அலையில் படகின் விளிம்பு ஒருமுறை கப்பலின் படிக்கட்டுக்கு மேலே எழும்பும், மறுமுறை முழங்கால் அளவு கீழே போகும். இரண்டு மாலுமிகள் இரு பக்கமும் தோளைப் பிடித்து, சரியான நொடிக்காகக் காத்திருந்து அம்மாவை உள்ளே இறக்கினார்கள். அந்த மாலுமிகளிடம் எனக்கு நன்றி மட்டுமே உண்டு. கரையில் அதைவிட நீண்ட வரிசை இருந்தது. அதே மாலையில் வேறு கப்பல்களும் வந்திருந்தன. எல்லாருக்கும் அந்த ஒரே கேபிள் கார். கழுதைச் சாணத்தின் நெடி அடிக்கும் கல்தரையில் உட்கார இடமில்லாமல், கயிறு கட்டும் இரும்புக் குற்றியின் மீது அம்மா உட்கார்ந்திருந்தார். மேலே போய்ச் சேர்ந்தபோது, இறங்குவதற்கான வரிசையில் இப்போதே நில்லுங்கள், கடைசிப் படகைத் தவறவிடாதீர்கள் என்று எச்சரிக்கை. "அப்படின்னா எதுக்கு ஏறினோம்?" என்று அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை, தங்களிடம் இருக்கக்கூடும்.

அம்மா ஃபிராவில் நின்றது முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. உலகமே புகழும் அந்தச் சூரிய அஸ்தமனத்தை, வரிசையில் முன்னால் நின்றவரின் தொப்பிக்கு மேலாகத்தான் பார்த்தோம். வடமுனையில் உள்ள ஓயாவுக்குப் போகும் பேச்சே எழவில்லை. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்து, 1967 முதல் அகழ்ந்தெடுக்கப்பட்டு வரும் அக்ரோதிரி நகரின் மாடி வீடுகளையும் கழிவுநீர்க் குழாய்களையும் காண வேண்டும் என்று ஊரிலிருந்தே படித்துக்கொண்டு வந்தவர் அவர். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எங்களுக்குக் கண்ணுக்கு எட்டியது காலுக்கு எட்டவில்லை.

இது ஒரு தீவின் கதை மட்டுமன்று. தங்கள் கையேட்டில் டீலோஸ் தீவின் பளிங்குச் சிங்கங்கள் முழுப்பக்கப் படமாக இருக்கின்றன. டீலோஸில் இரவு தங்க யாருக்கும் அனுமதி இல்லை. அருகிலுள்ள மைகோனோஸ் தீவிலிருந்து பகலில் படகேறிச் சென்று, பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். எங்கள் கப்பலோ மைகோனோஸை அடைந்தது மாலை ஆறு மணிக்கு. போக முடியாத இடத்தின் படத்தை எதற்காக அச்சிட்டீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது என நம்புகிறேன்.

கப்பல் சுற்றுலாவே வீண் என்பது என் கட்சி அன்று. சாந்தோரினியில் கடல் நிறைந்த எரிமலைக் குழிக்குள் மெல்ல நுழைந்து, பாறை விளிம்பில் வெள்ளை வீடுகள் வரிசையாகத் தோன்றுவதைக் காணக் கப்பலின் மேல்தளத்தைவிட நல்ல இடம் கிடையாது. சாலையே இல்லாத ஹவாயின் நா பாலி கடற்கரையும், இருட்டில் தணலைக் கக்கும் இத்தாலிய எரிமலைத் தீவு ஸ்ட்ராம்போலியும் அப்படித்தான். இறங்காமலே பார்க்க வேண்டியவை. ரோட்ஸ் தீவிலோ கப்பல் துறைமேடையை ஒட்டி நின்றது. கொஞ்ச தூரம் நடந்தால் இடைக்கால வீரர்களின் கோட்டை மதில், அதற்குள் கல் பாவிய தெருக்கள், நினைத்த இடத்தில் உட்காரத் திண்ணைகள். அம்மா அங்கேதான் மனம் நிறைந்து சுற்றினார். இந்த வேறுபாட்டை முன்கூட்டியே சொல்லியிருந்தால், ரோட்ஸில் நீண்ட நேரம் நிற்கும் பயணம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்போம். ஒருவேளை அதனால்தான் சொல்லவில்லையோ என்ற ஐயம் எழுவதை என்னால் தடுக்க முடியவில்லை.

சொல்ல முடியாத விவரமும் அன்று இது. கலாபகசுத் தீவுகளில் ஒரு கப்பலுக்கு 100 பயணிகள், ஒரு வழிகாட்டிக்கு 16 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அங்குள்ள பயண நிரல்களில் ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே, கால் நனையாமல் இறங்கலாமா, முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டுமா என்றுகூட எழுதியிருக்கும். சிறு கப்பல்காரர்களால் இவ்வளவு எழுத முடியும்போது, ஆயிரக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் தங்களால் முடியாதா?

தங்களுள் எங்களை அழைத்துச் சென்ற நிறுவனத்துக்கு இதையெல்லாம் எழுதினேன். "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்ற பதிலோடு, அடுத்த பயணத்துக்கு ஒரு தள்ளுபடிச் சீட்டும் வந்தது. பார்க்காத தீவை மறுபடியும் பார்க்காமல் வர, குறைந்த கட்டணம்.

பேச்சு வந்ததால் இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். பஹாமாஸில் பல நிறுவனங்கள் சொந்தமாகவோ குத்தகைக்கோ தீவுகளை வைத்திருக்கின்றன. சாய்வு நாற்காலியும் நீர்ச்சறுக்கும் மதுக்கடையும் நிறைந்த அந்தத் தீவுகளில் காலை முதல் மாலை வரை முழு நாளும் நிற்கக் கப்பலுக்கு நேரம் இருக்கிறது. கிரீட் தீவில் உள்ள, மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மூத்த நோசோஸ் அரண்மனைக்கு ஒரு காலைப்பொழுது, அதுவும் அன்றே மாலை சாந்தோரினிக்கு ஓட வேண்டிய அவசரத்தோடு. பயணி செலவழிக்கும் காசு யாருடைய கல்லாவில் விழுகிறதோ அங்கேதான் கடிகாரம் மெதுவாக ஓடும் போலும். தீவுக்காரர்களுக்கும் இது தெரிந்துவிட்டது. 2025 ஜூலை முதல், நெரிசல் மாதங்களில் சாந்தோரினியிலும் மைகோனோஸிலும் இறங்கும் ஒவ்வொரு கப்பல் பயணிக்கும் 20 யூரோ கட்டணம் விதித்திருக்கிறது கிரேக்க அரசு. முக்கால் மணி நேரம் மேலே நின்ற என் அம்மாவுக்கும் அதே 20 யூரோதான்.

சற்றே கசப்பாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தனியார் தீவுகளை மூடச் சொல்லவில்லை, சாந்தோரினிக்குப் போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. கரையில் கிடைக்கும் நேரத்தையும் இறங்கும் முறையையும் முன்பே எழுதுங்கள் என்றுதான் மீண்டும் கேட்கிறேன். காற்றும் அலையும் மாறினால் இவையும் மாறும் என்பதை அறிவேன். மாறக்கூடும் என்று அதையும் எழுதுங்கள். சக்கர நாற்காலியில் வருவோரைக் கடல் கொந்தளிக்கும்போது டெண்டர் படகில் ஏற்ற மாட்டோம் என்னும் விதியை நிபந்தனைகளின் கடைசிப் பக்கத்திலிருந்து எடுத்து, அந்தந்தத் தீவின் பெயருக்குக் கீழேயே போடுங்கள். அடுத்த பருவத்துக்கான கையேடு அச்சுக்குப் போகும் முன் இதைச் செய்துதருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பயணிகளுள் ஒருவர்