கடன் கொப்பியைக் கொடுக்கப்போகிறேன், அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடை பூட்டி இந்த ஜனவரியோடு பத்து வருடங்கள். அதைப்பற்றி உங்களுக்கு எழுத இதுவரை எனக்குத் துணிவு வரவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை நான் ஒரு பத்திரத்தில் கையொப்பமிடவேண்டும். அதற்கு முன்னர் ஒரு விடயத்தை உங்களிடம் ஒப்புக்கொள்ளாவிட்டால் கை ஓடாது. தொலைபேசியில் அழைத்தால் நீங்கள் எடுப்பதில்லை. ஆகையால் எல்லோரும் படிக்கக்கூடிய இந்த இடத்தில் எழுதுகிறேன். ரொறன்ரோவில் உங்களைத் தெரிந்த யாராவது இதைக் கண்டு உங்களிடம் சொல்வார்கள்.

உங்கள் கடன் கொப்பி என்னிடம் இருக்கிறது.

அந்தக் கடைசி இரவு வெளியே மைனஸ் 31 பாகை. மட்டைப்பெட்டிகளைப் பின்னொழுங்கையில் நின்ற நீலத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, என்னை வீட்டுக்குப் போகச் சொன்னீர்கள். நான் போகவில்லை. உங்கள் வானின் சிவப்பு விளக்குகள் வீதி முனையில் மறையும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். தொட்டியின் மூடி உறைந்து ஒட்டிப்போயிருந்தது. முழங்கையால் இரண்டு மூன்று தரம் இடித்த பிறகுதான் திறந்தது. மேலே பற்றுச்சீட்டுகள், பழைய கலண்டர், அரிசிச் சாக்குகளிலிருந்து பிரித்து நீங்கள் சேர்த்துவைத்த நூல் உருண்டை. அவற்றுக்கு அடியில், ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து தந்த அந்த சீ.ஆர். கொப்பி. முதுகில் ஒட்டுநாடா, மேல் மூலையில் மிளகாய்த்தூள் கறை. அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு சார்ஜென்ட் அவென்யூ வழியாக நடந்தேன். நீங்கள் எறிந்ததைத்தானே எடுத்தேன் என்று பல வருடங்களாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் உங்களிடம் கேட்காமல் எடுத்தேன், பிறகும் சொல்லவில்லை. அதற்குத் திருட்டு என்றுதான் பெயர். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், மூன்று வருடங்களாக ஓய்வு நாட்களில் இங்கே வின்னிபெக்கில் உள்ள ஒரு காப்பகத்தில் பழைய கடைகளின் படங்களுக்கு விவரக்குறிப்பு எழுதும் வேலையைத் தன்னார்வமாகச் செய்துவருகிறேன். நகரத்துக்கு எது நினைவிருக்கிறது, எது இல்லை என்பதை அங்கேதான் கண்ணால் கண்டேன். புகைப்படக்காரர் ஃபூட், 1919 ஜூன் 21 அன்று வேலைநிறுத்தக்காரர்கள் மெயின் வீதியில் டிராம் வண்டியைச் சூழ்ந்து நின்றதைப் படமெடுத்தார்; அதே மனிதர் கூலிக்குத் திருமணங்களையும் சவ அடக்கங்களையும் கடை முகப்புகளையும் எடுத்ததால் அவையெல்லாம் இன்று மாகாணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1980 ஆகஸ்ட் 27 அன்று டிரிபியூன் பத்திரிகை மூடப்பட்டபோது அதன் படங்கள் மனிற்றோபாப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. படமெடுக்கக் காசு இருந்தவரும், பத்திரிகைக்காரரின் கண்ணில் பட்டவரும் தப்பினார்கள்.

1877 நவம்பரில் அமெரிக்காவிலிருந்து குதிரைவண்டியில் வந்து இறங்கிய மூவரே இந்த நகரத்தில் பதிவான முதல் சீனர்கள். சார்லி யாம், ஃபுங் குவோங் என்று இரண்டு ஆண்களின் பெயர்கள் கிடைக்கின்றன. மூன்றாமவர் ஒரு பெண். அவருடைய பெயரை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. அவ்வளவு தூரம் அந்த நவம்பர்க் குளிரில் வந்த ஒரு மனுஷியிடம், உன் பெயர் என்ன என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பதிவைப் படித்த அன்று வீட்டுக்கு வந்து உங்கள் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தேன்.

உங்கள் கடை இருந்த கட்டடத்தின் இலக்கத்தை ஹென்டர்சன் விபரத்திரட்டுகளில் ஆண்டு ஆண்டாகப் பின்தொடர்ந்தேன். வீதி வீதியாக, வீட்டு இலக்கத்துக்கு நேரே குடியிருப்பவரின் பெயர் இருக்கும். அகரவரிசைப் பகுதியில் அவருடைய தொழிலையும், அடைப்புக்குறிக்குள் மனைவியின் பெயரையும் போட்டிருப்பார்கள். உங்கள் கல்லாப்பெட்டி இருந்த இடத்தில் சப்பாத்துத் திருத்துபவர் ஒருவர் இருந்திருக்கிறார்; அவருக்குப் பிறகு ஒரு பலசரக்குக் கடை, பிறகு சில காலம் வெறுமை. நீங்கள் அங்கே பதினான்கு வருடங்கள் இருந்தீர்கள். உங்கள் காலத்தில் அப்படி வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறவர் எவரும் வரவில்லை.

கெலேக்கிஸ் உணவகத்தை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு 2013 ஜனவரியில் நாங்கள் இருவரும் வரிசையில் நின்றது உங்களுக்கு மறந்திருக்காது. 1931 இல் தெருவில் வண்டி வைத்துத் தொடங்கிய ஒரு கிரேக்கக் குடும்பத்தின் சுவர் முழுவதும் வந்துபோனவர்களின் படங்கள். நீங்கள் உருளைக்கிழங்குப் பொரியலைத் தொடாமல் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "எங்கட சுவரில ஆரின்ர படத்தைத் தூக்கிறது? எங்களுக்குக் கலண்டர் காணும்" என்றீர்கள். அதை நீங்கள் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டும் நான் ஒன்றும் பேசவில்லை.

கொப்பியை நான் மூன்று மாதம் திறக்காமல் வைத்திருந்தேன். திறந்தபோது அதில் ஒரு பெயரும் இல்லாததைக் கண்டேன். "நீலக் கோட்டு", "மூன்றாம் மாடி", "ரீச்சர்", "இரவு வேலை". கடன் வாங்கியவரின் பெயர் இன்னொருவர் கண்ணில் படக்கூடாது என்பதற்காக நீங்கள் அப்படி எழுதினீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அடையாளம் தெரிகிறது. ஒருவருடைய கணக்கில் பதினொரு மாதங்கள் பால்மாவும் சீனியும் மட்டுமே இருக்கின்றன. அதற்கு மேல் இங்கே சொல்லமாட்டேன், அவருடைய பிள்ளைகள் இதே நகரத்தில் இருக்கிறார்கள், தமிழும் வாசிப்பார்கள்.

நாற்பத்திரண்டாம் பக்கத்தில் "தாயில்லாப் பொடியன்" என்று ஒரு கணக்கு. பாண் 1, முட்டை 6, பாண் 1, ரின்மீன் 2. அது நான் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. உங்களிடம் வேலைக்குச் சேர்வதற்கு முன்னர், வந்த புதிதில் எடுத்த சாமான்கள். அடியில் 214 டொலர் 60 சதம் என்று கூட்டி, குறுக்கே ஒரு கோடு இழுத்து, "தீர்ந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதில் ஒரு சதமும் தரவில்லை. சம்பளம் கிடைத்ததும் தருகிறேன் என்று இரண்டு தரம் சொன்னேன். இரண்டு தரமும் நீங்கள் பேச்சை மாற்றினீர்கள்.

அன்றிரவு நான் அழுதேன். அடுத்த நாள் எனக்குக் கோபம் வந்தது, அது இன்னும் முழுதாக அடங்கவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை? வாங்கிய கடனைக் கொடுக்க ஒரு சந்தர்ப்பம் தந்திருந்தால் நான் உங்கள் முன்னால் நிமிர்ந்து நின்றிருப்பேன். கடையைப் பூட்டுகிறீர்கள் என்பதையும் கதவில் ஒட்டிய கடதாசியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆறு வருடம் உங்கள் பக்கத்தில் நின்று அரிசி நிறுத்தவன், வாடிக்கையாளர்களோடு சேர்ந்து அதை வாசித்தேன். வாடகை விடயத்தில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் என்னையும் உங்களுக்குத் தெரியாத ஆள்போல நடத்தினீர்கள் அண்ணா, அந்தக் கொப்பியையும் கழிவுக் கடதாசிபோல எறிந்தீர்கள்.

காப்பகத்துக்குக் கொடுத்தால் பத்திரமாக இருக்கும் என்று உங்களுக்கு உறுதிசொல்லவும் என்னால் முடியாது. நகரத்தின் ஆவணங்களே வில்லியம் அவென்யூவில் 1905 இல் திறந்த கார்னகி நூலகக் கட்டடத்தில் இருந்தன. அவற்றுக்கு நல்ல இடம் அமைப்பதற்காகத்தான் அதைத் திருத்தினார்கள். 2013 இல் திருத்தவேலை நடந்துகொண்டிருக்கும்போதே மழை கூரையால் உள்ளே இறங்கியது. பெட்டிகளையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய் மிர்ட்டில் வீதியில் ஒரு களஞ்சியக் கட்டடத்தில் வைக்கவேண்டியதாயிற்று. எல்லாம் தெரிந்துதான் கொடுக்கிறேன். என் அலுமாரியில் இருந்தால் என்னோடு போய்விடும்.

ஐம்பது வருடங்களுக்கு யாரும் திறக்கக்கூடாது என்று நிபந்தனை கேட்டேன். நான் கொடுக்கும் காப்பகத்தார் ஒப்புக்கொண்டார்கள். நாற்பத்திரண்டாம் பக்கத்தையும் கிழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். வேண்டாம் என்றால் வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு வரி எழுதுங்கள், திருப்பி அனுப்பிவிடுகிறேன். எரிக்கமாட்டேன், நீங்கள் சொன்னாலும்.

சம்மதம் என்றால் ஒரு உதவி செய்யவேண்டும். பத்திரத்தில் உரிமையாளரின் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதை இன்னும் வெறுமையாக வைத்திருக்கிறேன். கடைப் பலகையில் உங்கள் பெயர் ஆங்கிலத்தில் ஒரு விதமாக இருந்தது, மின்கட்டணச் சீட்டில் வேறு விதமாக இருந்தது. நீங்களே எப்படி எழுதுவீர்களோ, அந்த எழுத்துகளை எனக்கு அனுப்பிவையுங்கள்.

என்றும் உங்கள்,
தம்பி
வின்னிபெக்