கவிக்கு, கண் லேசர் பற்றி

அன்பு கவி,

நீ அனுப்பிய ஆஸ்பத்திரி நோட்டீஸைப் பார்த்தேன். ‘பிளேடு இல்லாத லேசர்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். போனில் சொன்னால் வேலை நடுவில் ‘சரிம்மா, சரிம்மா’ என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். கண் ஆஸ்பத்திரியில் பவர் பார்க்கிற வேலையிலேயே என் காலம் போனது உனக்குத் தெரியும். வேண்டாம் என்று தடுக்க இதை எழுதவில்லை. செய்துகொள். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுச் செய்துகொள்.

கண்ணாடிப் பவரை லேசரால் சரிசெய்கிற இந்த லாசிக்கில் இரண்டு வேலை இருக்கிறது. கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போல இருக்கிற படலம், அதன் மேற்பரப்பில் மெல்லிய மடல் ஒன்றைப் பிரித்து, ஓர் ஓரம் ஒட்டியிருக்க, புரட்டி வைப்பார்கள். ஃபிளாப் என்பது அதுதான். பிறகு அதன் அடியில் எக்ஸைமர் லேசரால் பவருக்குத் தக்கபடி திசுவைக் குறைத்துவிட்டு மடலை மூடுவார்கள். பவரைச் சரிசெய்கிற வேலை ஆரம்பத்திலிருந்தே லேசர்தான். பிளேடு இருந்தது ஃபிளாப் எடுப்பதில். மைக்ரோகெரட்டோம் என்ற கருவியில் அதிரும் உலோக பிளேடு கருவிழியின் குறுக்கே ஓடும். பெரும்பாலும் நன்றாகவே எடுக்கும். எப்போதாவது பாதியில் நின்றுவிடும், நடுவில் ஓட்டை விழும், அல்லது மடல் முழுசாகக் கழன்று வரும். அப்படி ஆனால் அன்றைக்கு ஆபரேஷன் நின்றுபோகும்.

அந்த பிளேடுக்குப் பதிலாகத்தான் ஃபெம்டோசெகண்ட் லேசர். ஒரு நொடியை ஆயிரம் லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோசெகண்ட். இந்த லேசரின் துடிப்புகளை அந்தக் கணக்கில்தான் அளப்பார்கள். ஒவ்வொரு துடிப்பும் கருவிழிக்குள் சொன்ன ஆழத்தில் ஒரு நுண்குமிழியை உண்டாக்கும். தபால் தலைகளுக்கு நடுவே வரிசையாகத் துளையிட்டிருப்பார்களே, அதுபோல நெருக்கமாக லட்சக்கணக்கில் குமிழிகள். டாக்டர் மழுங்கிய கருவியால் மடலைப் பிரித்துத் தூக்குவார். 100 முதல் 120 மைக்ரான் வரை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கேட்ட கனத்தில், எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே சீராக வரும். உண்மையான நன்மை அதுதான், நானும் அதையே விரும்புவேன். சிலருக்குச் சில வாரம் வெளிச்சம் பட்டால் கண் கூசும், பிறகு சரியாகிவிடும்.

இது கண்ணுக்கு வந்த கதையும் விசேஷமானது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக லேசர் கூடத்தில் ஒரு மாணவருக்குத் தவறிக் கண்ணில் லேசர் பட்டது. பரிசோதித்த இளம் டாக்டர் ரான் கர்ட்ஸ், காயம் அவ்வளவு துல்லியமாக இருந்ததைப் பார்த்து, இது எந்த லேசர் என்று விசாரித்திருக்கிறார். அங்கிருந்து தொடங்கியதுதான். அந்த லேசருக்கு அடிப்படையான முறையைக் கண்டுபிடித்த மூரூவுக்கும் ஸ்ட்ரிக்லாண்டுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. எக்ஸைமரில் நம் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கே பங்கு உண்டு. ரங்கசாமி சீனிவாசன், ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். 1981 நவம்பரில் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மேல் அந்த லேசரைப் பாய்ச்சினார்கள். பக்கத்துத் திசு கருகாமல் சுத்தமாக வெட்டியது. இத்தனை வருஷம் இதே துறையில் இருந்தும் அதை நினைத்தால் எனக்கு இன்னும் பெருமையாக இருக்கிறது.

இப்போது உன் கண்ணுக்கு வருகிறேன். பிளேடா லேசரா என்பதைவிட உன் கருவிழி எவ்வளவு கனம், என்ன வடிவம் என்பதுதான் முக்கியம். கணக்குப் போட்டுப் பார். கனம் 520 மைக்ரான் என்று வைத்துக்கொள். ஃபிளாப்புக்கு 110. ஒரு பவருக்குத் தோராயமாக 15 என்றால் உன் மைனஸ் ஐந்துக்கு 75. மீதி 335. அடியில் 250க்குக் குறையக் கூடாது, 300க்கு மேல் இருந்தால் நல்லது. கனம் போதுமென்றாலும் வடிவம் சரியில்லை என்றால் தொடவே கூடாது. கெரட்டோகோனஸ் என்று கருவிழி கூம்பாகிப் போகிற நோய் இருக்கிறது. ஆரம்பத்தில் வெளியே தெரியாது, கருவிழியின் வடிவத்தைப் படமாகக் காட்டும் டோபோகிராபி ஸ்கேனில்தான் பிடிபடும். அது தெரியாமல் லேசர் செய்தால் கருவிழி மேலும் தளர்ந்து பார்வை கெடும். நீ வேறு அலர்ஜி வந்தால் கண்ணைக் கசக்குகிறவள். அந்தப் பழக்கத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு. அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்.

இன்னொன்று, நீ ஷட்டில் ஆடுகிறாய். ஃபிளாப் ஓரம் ஒட்டிக்கொள்ளுமே தவிர பழைய உறுதி முழுசாகத் திரும்பாது. வருஷங்கள் கழித்தும் கண்ணில் பலமாக அடிபட்டு மடல் நகர்ந்தவர்கள் உண்டு. எந்தக் கருவியால் எடுத்தாலும் இது பொருந்தும். அதனால் ஸ்மைல் முறை எனக்குச் சரிப்படுமா என்று கேள். அதில் மடலே கிடையாது. ஃபெம்டோசெகண்ட் லேசரால் உள்ளேயே ஒரு மெல்லிய வில்லையைப் பிரித்து, 2 முதல் 4 மில்லிமீட்டர் துளை வழியாக எடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் பி.ஆர்.கே., கருவிழியின் மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு மேற்பரப்பிலேயே எக்ஸைமர் லேசர் பாய்ச்சுகிற முறை. இதிலும் மடல் இல்லை. ஆனால் முதல் மூன்று நாலு நாள் வலிக்கும், பார்வை தெளியவும் நாளாகும். உனக்கு எது பொருந்தும் என்பதை ரிப்போர்ட் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். ‘இது புதுசு’ என்பதற்காக மட்டும் எதையும் எடுக்காதே.

நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவள் என்பதால் கண் வறட்சிக்கும் சோதிக்கச் சொல். கருவிழி நரம்புகள் அறுபடுவதால் ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதம் வறட்சி கூடும். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வரத்தான் செய்யும், அதை லாசிக் தடுக்காது.

கடந்த ஒரு வருஷமாக பவர் மாறவில்லையா என்று பழைய சீட்டுகளைப் பார். ஸ்கேனுக்கு இரண்டு வாரம் முன்பே கான்டாக்ட் லென்ஸை நிறுத்து, லென்ஸ் போட்ட கண்ணில் வடிவம் சரியாகக் காட்டாது. ரிப்போர்ட் வந்ததும் இரண்டு கண்ணுக்கும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டுப் பேசுகிறேன், அதுவரை முன்பணம் கட்டாதே. தேதி முடிவானால் ஹைதராபாத்துக்கு டிக்கெட் போடுகிறேன். சொட்டு மருந்து நான் வந்து போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா