மூச்சுச் சோதனை: எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதயச் செயலிழப்பு நோயாளிகளின் வீட்டார் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டை நீட்டி, "பம்பிங் 25 சதவீதம்தானாம், இனி எப்படி?" என்று கலங்குகிறார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்பதே பம்பிங். பம்பிங் ஒன்றாகவே இருந்தாலும் ஒருவர் மாடி ஏறிவிடுவார். இன்னொருவருக்குச் சட்டை மாட்டவே மூச்சு வாங்கும். ஆபத்து யாருக்கு அதிகம் என்பதை, மாஸ்க் போட்டு சைக்கிள் மிதிக்கவைக்கும் மூச்சுச் சோதனை இன்னும் தெளிவாகக் காட்டும்.

உடல் உச்சத்தில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதே முதல் கணக்கு. எடையில் கிலோவுக்கு, நிமிடத்துக்கு 14 மில்லி லிட்டருக்கு மேல் இருந்தவர்களுக்கு இதய மாற்று அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாம் என 1991-இல் அமெரிக்க இதய மருத்துவர் டோனா மான்சினி குழுவினர் காட்டினர். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்த எல்லை இப்போது 12.

ஆனால் சோதனை சரியாக நடந்தால்தான் இந்த எண்ணுக்கு மதிப்பு. வெளிவிடும் கரியமில வாயுவை உள்ளெடுத்த ஆக்சிஜனால் வகுத்தால் 1.05-ஐத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் நோயாளி முழு முயற்சி எடுக்கவில்லை. சைக்கிளின் சுமையை வேகமாக ஏற்றினால் மூச்சுக்கு முன்பே கால் சோர்ந்துவிடும். 8 முதல் 12 நிமிடத்தில் முடியும்படி ஏற்றுவதே முறை. காவடி நேர்த்திக்காகத் தாடி வளர்த்தவர்களுக்கு மாஸ்க் ஓரத்தில் காற்று கசியும், நோய் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். மாஸ்க்கின் வாயை உள்ளங்கையால் மூடி ஊதச் சொன்னால் கசிவு கன்னத்தில் பிடிபடும். தாடியை எடுக்க வேண்டாம். மூக்கு கிளிப்புடன் வாய்க்குழாய் போதும்.

நம் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைந்த அங்கே உச்ச ஆக்சிஜனும் குறைவாகவே வரும். அதைக் கடலோர டர்பனில் எடுத்த பழைய எண்ணோடு ஒப்பிட்டு, நோய் முற்றிவிட்டதாக முடிவுகட்டக் கூடாது.

பாதியில் நிறுத்தியவர்களின் சோதனையும் வீணல்ல. கரியமில வாயுவை வெளியேற்ற எவ்வளவு காற்றை இழுத்துவிட வேண்டியிருக்கிறது என்ற சரிவுக் கணக்கு (VE/VCO2 slope) அப்போதும் கைகொடுக்கும். அது 35-ஐத் தாண்டினால் கவலைக்குரியது. எங்கள் பார்வையில், உச்ச ஆக்சிஜனுக்கு இணையாக இதையும் கேட்டுப் பெற வேண்டும்.

சோதனை நாளில் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பட்டினியாகவும் வராதீர்கள், முக்கியமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்கள். இரண்டு மணி நேரம் முன்பு லேசாகச் சாப்பிட்டு வாருங்கள். என்னென்ன மருந்து, எந்த ஊரில் எடுத்தது என்பவற்றை ரிப்போர்ட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இதயப் பரிசோதனைத் துறை ஊழியர்கள்,
டர்பன்