‘மருத்துவச் செலவு உட்பட’ என்ற ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணியிட விபத்து இழப்பீடு பற்றிய தங்கள் கட்டுரை, கிடைக்கும் தொகையைப் பற்றி விரிவாகப் பேசியது. தொழிலாளியும் முதலாளியும் செய்துகொள்ளும் சமரச ஒப்பந்தத்தில் மருத்துவச் செலவை எப்படி எழுதுகிறார்கள் என்பதைத் தொடவே இல்லை. தொழிற்சங்கத்தில் இத்தகைய வழக்குகளைக் கவனித்து வருபவன் நான். தொழிலாளி ஏமாறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

‘மருத்துவச் செலவு உட்பட அனைத்துக்கும் முழுத் தீர்வாக’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கையில் இருக்கும் ஆஸ்பத்திரி பில்லைத்தான் அது சொல்கிறது என்று நம்பித் தொழிலாளி கையெழுத்துப் போடுகிறார். கால் முறிந்து பிளேட் வைத்தவருக்கு, எலும்பு கூடிய பிறகு அதை எடுக்க இன்னோர் ஆபரேஷன் தேவைப்படலாம். பிசியோதெரபி மாதக்கணக்கில் இழுக்கும். அந்த பில்லை எடுத்துக்கொண்டு போனால், “அதான் செட்டில் பண்ணியாச்சே” என்று அதே வரியைக் காட்டுகிறார்கள்.

சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் 2009-இல் செய்த திருத்தம், பணியில் ஏற்பட்ட காயத்தின் சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவைத் தொழிலாளிக்குத் திருப்பித் தர வேண்டும் என்றது. ஊனத்துக்கான இழப்பீடு சம்பளத்தையும் வயதையும் வைத்துப் போடும் கணக்கு. மருத்துவச் செலவு அதற்கு மேல், தனி. சிகிச்சைக்கென்று முதலாளி கொடுத்த பணத்தை இழப்பீட்டுத் தொகையில் கழிக்கவும் முடியாது. அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, சட்டப்படி தர வேண்டிய இழப்பீட்டைக் குறைக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாததாக இருந்தது. ஆகவே, இனி வரும் சிகிச்சையை வெளிப்படையாகச் சொல்லாத வரியை, கையெழுத்திட்ட நாள்வரை ஆன செலவுக்கு மட்டும் என்று படிப்பதே நியாயம் என்பது என் கருத்து. (ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உள்ளவர்களுக்கு வழி வேறு.)

அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி இந்த ஒப்பந்தங்கள் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் பதிவாக வேண்டியிருந்தது. தொகை போதாது என்றாலும், ஏமாற்றியோ நெருக்கடி கொடுத்தோ வாங்கியது என்று தெரிந்தாலும் அவர் பதிவை மறுக்க முடிந்தது. மருத்துவச் செலவு உரிமையும் ஒப்பந்தப் பதிவும், அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கின்றன. பதிவு செய்யும் அதிகாரி தொழிலாளியை நேரில் அழைத்து, “இன்னும் என்ன வைத்தியம் பாக்கி இருக்கிறது?” என்று கேட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். அந்தக் கேள்வியைக் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை, பாக்கி சிகிச்சை என்னவென்று எலும்பு டாக்டரிடம் எழுதி வாங்கி ஒப்பந்தத்தோடு இணையுங்கள். இதுவரை ஆன செலவையும் இனி ஆகப்போவதையும் தனித்தனியாக எழுதி, பின்னதை யார், எதுவரை கொடுப்பார் என்று சேர்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
தொழிற்சங்க ஊழியர் ஒருவர்