மணாலிக்குப் பெட்டி கட்டும் முன்: நண்பனுக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்
நவம்பர் 16

அன்புள்ள சீனுவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா மணாலிக்கு வரச் சம்மதித்துவிட்டார்கள் என்பதுதான் அதில் பெரிய செய்தி. இங்கே விட்டுவிட்டு மழை. கொடியில் போட்ட துணி கொடியிலேயே கிடந்து வாடை அடிக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம்.

எத்தனை ஸ்வெட்டர் எடுப்பது என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நம் வீடுகளில் ஆள் கணக்கில்தான் பெட்டி கட்டுவோம்: உனக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒரு பை. ரயிலில் டெல்லி, அங்கிருந்து மணாலி, மறுபடி டெல்லியில் ஒரு கல்யாண வரவேற்பு, அப்புறம் விமானத்தில் வீடு என்ற உன் பயணத்துக்கு அது சரிப்படாது. எந்தப் பையை எங்கே திறக்கப்போகிறீர்கள் என்று பார்த்துக் கட்டு. ரயிலில் திறப்பது ஒன்று, மணாலியில் திறப்பது ஒன்று, வரவேற்புக்காக டெல்லி திரும்பியதும் திறப்பது ஒன்று. நாலு பேர் துணியும் இந்த மூன்றுக்குள் பிரிந்து போகட்டும்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும் கழித்து மூன்றாம் நாள் காலையில் புது டெல்லியில் இறங்குவீர்கள். டிசம்பர் கடைசியில் அங்கே அதிகாலையில் ஏழெட்டு டிகிரிதான் இருக்கும். சென்னையில் மின்விசிறிக்கு அடியில் மாட்டிய சட்டையோடு அந்த பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, நாலு பெட்டிகளின் அடியிலிருந்து நாலு மங்கி கேப்பைத் தேட முடியாது. பனிமூட்டத்தால் வண்டி சில மணி நேரம் தாமதமாவதும் அந்த மாதத்தில் சாதாரணம். ஆகவே ரயில் பையில் நாலு ஸ்வெட்டர், நாலு குல்லா, நாலு ஜோடி சாக்ஸ் மேலாகவே இருக்கட்டும்.

டெல்லிப் பையால் வேறொரு லாபம். வரவேற்புக்கான பட்டுப்புடவை, உன் வேட்டி சட்டை, அன்பளிப்பு எல்லாம் மலை ஏறி இறங்க வேண்டியதில்லை. சொந்தக்காரர் வீட்டிலோ, திரும்பி வந்து தங்கப்போகும் விடுதியிலோ விட்டுவிட்டுப் போகலாம். இரண்டும் இல்லையென்றால் ரயில் நிலைய க்ளோக் ரூம். அங்கே பூட்டாத பையை வாங்க மாட்டார்கள். பயணச் சீட்டையும் காட்டச் சொல்வார்கள். துணிப்பையாக இருந்தாலும் ஜிப்பில் ஒரு சின்னப் பூட்டுப் போட்டுக்கொள்.

எடையைப் பற்றி ரொம்பக் கவலைப்பட்டிருக்கிறாய். மூன்றடுக்கு ஏசியில் ஆளுக்கு 40 கிலோ அனுமதி. திரும்பும் விமானத்தில் பொதுவாக 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும். எனவே திரும்பும் கணக்கில்தான் கட்ட வேண்டும், அது சரி. ஆனால் உங்களை உண்மையில் கட்டுப்படுத்தப் போவது விமானமல்ல, டெல்லி டாக்ஸியின் டிக்கி. அங்கே வாடகை வண்டிகள் பெரும்பாலும் சிஎன்ஜி எரிவாயுவில் ஓடுகின்றன. சிலிண்டர் உட்கார்ந்திருப்பது டிக்கிக்குள். டிசையர் மாதிரி வண்டியில் அதற்குமேல் ஒரு பெரிய டிராலியும் ஒரு மெத்தென்ற பையும் போனாலே அதிர்ஷ்டம். நாலு பேருக்கு நாலு கடினப் பெட்டி என்றால் இரண்டு வண்டி பிடிக்க வேண்டும். அம்மாவும் பிள்ளையும் தூக்கப் போவதில்லை, ஆக இருப்பது நாலு கை. 65 செ.மீ. உயர டிராலி இரண்டு (ஒன்று மணாலிக்கு, ஒன்று டெல்லிக்கு), அமுக்கினால் அமுங்கும் தோள்பை இரண்டு. இதற்குமேல் ஒரு பொட்டலம்கூட வேண்டாம். 28 அங்குலப் பெரிய பெட்டி வாங்கச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் கேட்காதே. அது பெர்த்துக்கு அடியில் சரியாக நுழையாமல் நடைபாதையில் நீட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவர் காலில் எல்லாம் இடிபடும்.

இப்போது ஸ்வெட்டர் கணக்குக்கு வருகிறேன். மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம். வெயில் அடித்தால் பகலில் பத்து டிகிரியைத் தொடும், இரவில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். ரோத்தாங் கணவாய் அப்போது மூடியிருக்கும். பனியைப் பார்க்க சோலாங் பள்ளத்தாக்குக்குப் போவீர்கள், அல்லது அடல் சுரங்கப்பாதை வழியாக சிஸ்ஸு என்ற ஊருக்கு. அது 3,100 மீட்டர், இன்னும் குளிர். இதற்கு ஒரே ஒரு தடித்த கம்பளிச் சட்டையை நம்புவதுதான் நம்மவர்கள் செய்யும் பிழை. வண்டிக்குள் ஹீட்டரில் வேர்க்கும், வெளியே இறங்கினால் அந்த வேர்வையே உடம்பை நடுங்க வைக்கும். மூன்று மெல்லிய அடுக்காகப் போட்டால் கழற்றி மாட்டலாம். உடம்பை ஒட்டித் தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற சிந்தெடிக் மேல்சட்டை அல்லது ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். தெர்மலுக்கு அடியில் பருத்தி பனியன் போடாதே. பருத்தி வேர்வையைக் குடித்துக்கொண்டு லேசில் காயாது, குளிரில் அதுதான் எதிரி. ஜீன்ஸும் அப்படியே. ஒரு ஜீன்ஸே முக்கால் கிலோ இருக்கும், நனைந்தால் இரண்டு நாளானாலும் காயாது.

எட்டு நாளுக்கு ஓர் ஆளுக்கு எடை போட்டுப் பார்: தெர்மல் இரண்டு செட் 700 கிராம், ஜீன்ஸ் அல்லாத பேன்ட் இரண்டு ஒரு கிலோ, சட்டை நாலு 900, ஃப்ளீஸ் 400, உள்ளாடையும் சாக்ஸும் 700, இரவு உடை 400, துண்டு இரண்டு 300. மொத்தம் 4 கிலோ 400. சோப்பு சீப்பு சேர்த்தாலும் ஐந்தைத் தாண்டாது. ஜாக்கெட்டும் ஷூவும் பெட்டிக்குள் போகவே கூடாது. டெல்லியிலிருந்து அவை உங்கள் உடம்பிலும் காலிலும் இருக்க வேண்டும். நாலு பேருக்கு 20 கிலோ, இரண்டு டிராலிக்குப் பிரித்தால் 10. காலிப் பெட்டி மூன்றரை. ஒவ்வொன்றும் 13.5 கிலோதான். திரும்பும்போது சால்வை, உலர்பழம் வாங்க இடம் மிச்சம் இருக்கும். அழுக்குத் துணி மடித்த துணியைவிட அதிக இடத்தைப் பிடிக்கும் என்பதையும் கணக்கில் வை.

துண்டு என்றதும் டர்க்கி டவல் எடுக்காதே. மணாலி விடுதி அறையில் அது கடைசி வரை ஈரமாகவே கிடக்கும். நம் ஈரிழைத் துண்டு பிழிந்து போட்டால் காலைக்குள் காய்ந்துவிடும், எடை மூன்றில் ஒரு பங்கு.

பனியில் விளையாடப் போடும் முழு உடையும் ரப்பர் பூட்ஸும் போகிற வழியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். வழிநெடுக அதற்கென்றே எண் போட்ட கடைகள் உண்டு. ஒரு நாள் கூத்துக்காக அவற்றை இங்கே விலைக்கு வாங்காதே. ஆனால் பூட்ஸுக்குள் போட உன் சொந்தக் கம்பளி சாக்ஸ் கட்டாயம், வாடகை பூட்ஸின் உள்ளே ஈரமாக இருக்கும். சாக்ஸ் இரண்டு போட்டால் இரட்டிப்பு சூடு என்று நினைத்து இறுக்கமான ஷூவுக்குள் திணிக்காதே. ரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் விறைக்கும். ஷூவை அரை அளவு பெரிதாக வாங்கு. தங்கச்சிக்கும் அம்மாவுக்கும் ஒன்று சொல்: மெட்டி கம்பளி நூலில் மாட்டி இழுக்கும். முதலில் மெல்லிய சாக்ஸ் ஒன்று, அதன்மேல் கம்பளி. அம்மா செருப்பிலேயே சமாளித்துவிடலாம் என்பார்கள், விடாதே. ஒட்டுப்பட்டை வைத்த மூடிய ஷூவாக வாங்கி, ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே நடந்து பழகட்டும்.

அம்மா புடவையை விடமாட்டார்கள், விட வேண்டியதும் இல்லை. பாவாடைக்கு உள்ளே தெர்மல் பேன்ட், முழுக்கை ரவிக்கைக்குள் கழுத்து இறங்கிய தெர்மல், மேலே ஸ்வெட்டர், சால்வை. பருத்திப் புடவையைவிட சிந்தெடிக் புடவை இங்கே நல்லது, ஈரம் பட்டாலும் உடனே காய்ந்துவிடும். கரை தரையில் புரண்டு பனியில் நனையாதபடி இரண்டு விரற்கடை தூக்கிக் கட்டச் சொல்.

கம்பளி எங்கே வாங்குவது? தெர்மலை இங்கேயே போட்டுப் பார்த்து வாங்கு, டெல்லியில் இறங்கும்போதே தேவைப்படும். ஸ்வெட்டருக்கு இந்த மாதங்களில் நம் ஊர்களில் திபெத்தியர்கள் போடும் கடைகள் போதும். ஜாக்கெட் மட்டும் டெல்லியில் வாங்கலாம். காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்தை ஒட்டி மொனாஸ்டரி மார்க்கெட் இருக்கிறது. பகலில் வாங்கிக்கொண்டு இரவு மணாலி வால்வோ பஸ் ஏற வசதி. வீட்டில் பழைய கம்பளி இருந்தால் பீரோவிலிருந்து எடுத்து அப்படியே பெட்டிக்குள் போடாதே. அந்துருண்டை வாடை மூடிய பெட்டிக்குள் மற்ற துணிக்கும் ஏறிவிடும். மழை விட்டதும் ஒரு முழு நாள் காற்றாட நிழலில் போட்டு எடு.

பட்டுப்புடவையை பாலிதீன் உறையில் வைக்காதே, உள்ளே ஈரம் நின்றால் ஜரிகை கறுக்கும். பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, டெல்லி டிராலியின் மேலாக, மடிப்பில் எதுவும் அழுத்தாமல் வை. மற்ற அடுக்கில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. டிராலியை நிறுத்தினால் சக்கரம் இருக்கும் பக்கம் கனமானவை. டீ சர்ட், தெர்மல், லெக்கிங்ஸைச் சுருட்டு. காலர் சட்டையை மடி. சுருட்டினால் இடம் மிச்சமாகிறது என்பார்கள், அதைவிடச் சுருக்கம் விழாது என்பதுதான் அதன் நன்மை. காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பைகளுக்குப் பணம் செலவழிக்காதே. பருமன்தான் குறையும், எடை அப்படியே இருக்கும். போகும்போது சின்னதாகக் கட்டிய பொட்டலத்தை மணாலியில் பம்ப் இல்லாமல் மறுபடி கட்ட முடியாமல் திண்டாட வேண்டும்.

குப்பிகள் விஷயத்தில் கவனமாக இரு. மணாலி உயரத்தில் காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் எண்பது சதவீதம்தான். சென்னைக் காற்றோடு மூடிய ஷாம்பு குப்பி அங்கே உப்பி, மூடியைத் திறந்ததும் பீறிடும், இல்லையென்றால் பெட்டிக்குள்ளேயே கசியும். குப்பியை லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றியபின் மூடு. மூடிக்கு அடியில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை வைத்துத் திருகு. தேங்காய் எண்ணெயைச் சின்ன வாய்க் குப்பியில் எடுக்காதே. 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், மணாலியில் கல்லாக இருக்கும். வாய் அகன்ற டப்பாவில் எடுத்தால் விரலால் வழித்துக்கொள்ளலாம். உதட்டுக்கு வாஸ்லின் ஒரு டப்பா.

அம்மாவின் இன்சுலின் எப்போதும் கைப்பையில்தான். விமானத்தில் அனுப்பும் பெட்டியில் போடவே கூடாது, அங்கே வெப்பநிலை எக்கச்சக்கமாக இறங்கலாம். உறைந்த இன்சுலின் இளகினாலும் வேலை செய்யாது. மணாலி அறையில் ஜன்னல் திட்டில் வைக்காமல் கட்டில் பக்கமாக வை, வெளியே போகும்போது ஜாக்கெட்டின் உள்பையில். சர்க்கரை பார்க்கும் மீட்டர்கள் பெரும்பாலும் பத்து டிகிரிக்குக் கீழே ஒழுங்காக வேலை செய்யாது. அறைச் சூட்டில் வைத்துப் பார்க்கச் சொல். மாத்திரைகள் பட்டையோடு, மூன்று நாளுக்கு உபரியாக, மருந்துச் சீட்டின் நகலோடு.

ரயில் சாப்பாட்டுக்கு முதல் நாள் மிளகாய்ப்பொடி தடவி நல்லெண்ணெயில் ஊறிய இட்லி, அடுத்த வேளைகளுக்குப் புளியோதரை. தேங்காய்ச் சட்னி வேண்டாம். எதையும் சூட்டோடு மூடாதே. ஆவி தண்ணீராகி, சோறு மறுநாள் நூல் விடும். கெட்டில் எடுத்துப் போகலாம், ஆனால் ரயில் பிளக்கில் சொருகாதே, அது செல்போன் சார்ஜுக்கு மட்டும்தான். மாட்டினால் குற்றம்.

எல்லாவற்றையும் விமானத்தில் கொண்டுவர முடியாது என்பதைத் தங்கச்சியிடம் முன்பே சொல்லிவை. கற்பூரம், தீப்பெட்டி, கொப்பரைத் தேங்காய் மூன்றையும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். மிளகாய் ஊறுகாய் கைப்பையில் போகாது, இறுக மூடி டிராலியில் வைக்கலாம். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு. அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். 20,000 எம்ஏஎச் வரை உள்ளது சிக்கலில்லை, கணக்குப் போட்டால் 74 வாட் அவர்தான் வரும், அனுமதி 100 வரை.

பெட்டியின் வெளியே கட்டும் பெயர் அட்டை வழியில் பிய்ந்துவிடும். உள்ளே மேலாக ஒரு தாளில் உன் பெயரும் செல் எண்ணும் எழுதி வை. இரண்டு டிராலியும் கறுப்பு என்றால் கைப்பிடியில் பழைய புடவைக் கரை ஒன்றைக் கட்டிவிடு. ரயிலில் பூட்டிக் கட்ட சங்கிலி வேண்டும், கீழ் பெர்த்துக்கு அடியில் அதற்கு வளையம் இருக்கும்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். ஷூ அளவு சரியாக இருந்ததா, எந்தக் கடையில் கிடைத்தது என்று எழுது. இங்கே எங்கள் பெரியம்மாவுக்கும் அப்படி ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

அன்புடன்,
ராமு